வாரண்டி முடிந்த காருக்கு எந்த ஓபிடி ஸ்கேனர் வாங்கலாம்?

தஞ்சை–கும்பகோணம் தினசரி:

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2016 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹாட்ச்பேக். 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரண்டியும், காசு கட்டி நீட்டித்த வாரண்டியும் முடிந்து பல வருடம் ஆகிறது. வங்கி வேலை. தினமும் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போய் வருகிறேன். வயது 34. ஆயில் அளவு பார்ப்பேன், கூலன்ட் ஊற்றுவேன். அதற்கு மேல் இன்ஜினில் கை வைத்ததில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி, அம்மாவைக் கும்பகோணத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, பாபநாசம் தாண்டியதும் செக் இன்ஜின் லைட் எரிந்தது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. ரயில்வே கேட்டில் நின்றபோது மட்டும் லேசாக ஒரு நடுக்கம் தெரிந்தது. அம்மா வழி முழுக்க அந்த மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் போட 600 ரூபாய். ‘ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்’ என்றார்கள். சென்சார், லேபர் எல்லாம் சேர்த்து 5,850 ஆனது. லைட் அணைந்தது. ஒன்பதாவது நாள் மறுபடி எரிந்தது. திரும்பப் போனேன், மறுபடி 600. இந்த முறை ‘புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டராக இருக்கலாம், 30,000 வரை ஆகும்’ என்கிறார்கள். என்ன கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வந்தது என்று இரண்டு தடவை கேட்டேன். யாரும் காட்டவில்லை, பில்லிலும் எழுதவில்லை.

30,000 ரூபாயை ஒருவர் வாய்வார்த்தையை நம்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நானே ஒரு ஸ்கேனர் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எதை வாங்குவது என்பதுதான் குழப்பம். 500 ரூபாய்க்குப் புளூடூத் கருவி இருக்கிறது, 3,000 பக்கம் திரையோடு கையில் பிடிக்கிற கருவி இருக்கிறது, 15,000, 20,000-க்கு டேப்லெட் மாதிரியும் இருக்கிறது. என்னிடம் ஆண்ட்ராய்ட் போன், மனைவியிடம் ஐபோன். வண்டியை இருவருமே ஓட்டுகிறோம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலம் வெள்ளை செடான்:

நான் நாலு வருடமாக 450 ரூபாய் புளூடூத் கருவிதான் வைத்திருக்கிறேன். டார்க் (Torque) என்ற ஆப்போடு சேர்த்துப் பயன்படுத்துகிறேன். கோடு படிக்கிறது, அழிக்கிறது, கூலன்ட் சூடு காட்டுகிறது. வீட்டு வண்டிக்கு இது போதும். 20,000 போட்டு வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து.

வேளச்சேரி 1.5 டீசல்:

450 ரூபாய்க் கருவி சிலருக்கு நன்றாக அமைந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நான் வாங்கிய முதல் இரண்டும் ஒரே மாதிரி நீல டப்பா. ஒன்று வேலை செய்தது, மற்றது பாதியில் இணைப்பை விட்டுவிடும்.

காரணம் இதுதான். இந்த டப்பாக்கள் எல்லாம் ‘இஎல்எம்327’ என்ற பெயரில் விற்கின்றன. அந்த சிப்பை உருவாக்கியது எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நாட்டு நிறுவனம். 2022-ல் அதை மூடிவிட்டார்கள். சந்தையில் கிடைக்கும் மலிவு டப்பாக்கள் அநேகமாக எல்லாமே நகல். ‘வெர்ஷன் 1.5’ என்று பெருமையாகப் போட்டு விற்பார்கள், அந்த நிறுவனம் 1.5 என்று ஒரு வெர்ஷனை வெளியிட்டதே இல்லை. 2.1 என்று போட்ட நகல்கள் பலவற்றில் அசல் சிப்புக்குத் தெரிந்த கட்டளைகள் பாதி தெரியாது. அடிப்படைக் கோடு வரும், அதற்கு மேல் கேட்டால் திணறும்.

உங்கள் வீட்டில் ஐபோன் இருப்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய வகைப் புளூடூத் கருவி ஐபோனோடு பேசாது. வைஃபை வகை பேசும், ஆனால் அந்த வைஃபைக்குப் பெரும்பாலும் பாஸ்வேர்ட் கிடையாது, பக்கத்தில் நிற்பவர் போனும் உள்ளே நுழையலாம். அதோடு இணைத்திருக்கும்போது போனில் இணையம் வராமல் போவதும் ஒரு தொல்லை. ‘புளூடூத் 4.0, ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும்’ என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வி-கேட் ஐகார் ப்ரோ அப்படி ஒன்று. வண்டி நின்றால் தானாகத் தூங்கிவிடும். ஆப்புக்கு ‘கார் ஸ்கேனர்’ இரண்டு போனிலும் ஓடும்.

நான் ஓட்டுவது மறைமலைநகரில் செய்த இகோஸ்போர்ட். ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்ததுமே, நமக்கென்று ஒரு கருவி இருக்கட்டும் என்று வாங்கினேன். ஃபோர்டு கார்களில் கேன் லைன் (காரின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் வயர்) இரண்டு உண்டு. இரண்டையும் படிக்க ஹெச்எஸ் (ஹை ஸ்பீட்), எம்எஸ் (மீடியம் ஸ்பீட்) என்று மாற்றுகிற சுவிட்ச் உள்ள கருவி வேண்டும். அதை லேப்டாப்பில் ஃபோர்ஸ்கேன் மென்பொருளோடு போட்டால் ஏபிஎஸ், ஏர்பேக் கோடு வரைக்கும் படிக்க முடிகிறது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வைத்திருப்பவர்களுக்கு அதே மாதிரி விசிடிஎஸ் இருக்கிறது. எல்லா கம்பெனிக்கும் இந்த வசதி கிடையாது. சாதாரண ஓபிடி கருவி இன்ஜின் கோடுகளை மட்டுமே உறுதியாகப் படிக்கும். ஏபிஎஸ் லைட்டோ ஏர்பேக் லைட்டோ எரிந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்றுதான் காட்டும். அதை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள்.

பொள்ளாச்சி வயரிங்:

தம்பி, நான் 22 வருடமாக ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஷெட்டில் லாஞ்ச் கம்பெனி ஸ்கேனர் டேப்லெட் இருக்கிறது, சட்டைப் பையில் ஒரு சின்ன புளூடூத் டப்பாவும் இருக்கிறது. பாதி வண்டிகளை அந்தச் சின்னதை வைத்துத்தான் முடிக்கிறேன். ஆகவே விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன் எதைப் பார்க்கப் போகிறோம் என்று யோசிக்கலாங்க.

இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து வரும் கார்களில் ஓபிடி-2 கட்டாயம். உங்கள் வண்டி 2016. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் 16 பின் சாக்கெட் இருக்கும். இன்ஜின் சம்பந்தப்பட்ட பொதுக் கோடுகளை 500 ரூபாய் டப்பாவும் படிக்கும், லட்ச ரூபாய் டேப்லெட்டும் படிக்கும். எண் ஒன்றேதான். டேப்லெட்டின் விலை வேறு வேலைகளுக்கு: இன்ஜெக்டரைத் தனியாக நிறுத்திப் பார்ப்பது, ஏபிஎஸ் பம்பை ஓட்டிக் காற்று எடுப்பது, புதுச் சாவி பதிவது. ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு வருடத்தில் ஒரு நாள்கூட அது தேவைப்படாது. வாங்க வேண்டாம்.

3,000 ரூபாய்க் கைக்கருவி நல்லதுதான். போன் வேண்டாம், ஆப் வேண்டாம், செருகினால் ஓடும். வயதான அப்பாவுக்கு வாங்கித் தருவதென்றால் அதையே சொல்வேன். ஆனால் திரை சின்னது, நாலு அளவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சிரமம். உங்களுக்கு இப்போது அதுதான் வேண்டும். இரண்டு கேள்வி கேட்டு வாங்குங்கள்: ஃப்ரீஸ் ஃப்ரேம் (லைட் எரிந்த நேரத்துக் குறிப்பு) காட்டுமா? லைவ் டேட்டா (இன்ஜின் ஓடும்போதே வரும் அளவுகள்) காட்டுமா? இரண்டும் இல்லாமல் கோடு மட்டும் காட்டுகிற கருவி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கோடு மட்டும் பார்த்துச் சாமான் மாற்றுவதுதான் எங்கள் தொழிலில் நடக்கிற பெரிய தப்பு. எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஆனைமலைப் பக்கம் தோப்பு வீட்டிலிருந்து ஒரு வண்டி வந்தது. ஓடும்போதே அணைந்துவிடும். கோடு பி0335, அதாவது இன்ஜின் சுற்றுவதைப் பார்க்கும் கிராங்க் சென்சாரின் சர்க்யூட். எனக்கு முன்னால் பார்த்தவர்கள் சென்சாரை ஒரு தடவை மாற்றி, சரியாகவில்லை என்று இரண்டாம் தடவையும் மாற்றியிருந்தார்கள். நான் சென்சாரைத் தொடவில்லை. லைட்டைப் பிடித்துக்கொண்டு வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் விரலில் சுரசுரவென்று பட்டது. எலிப் பல் தடம். மேல் உறை போய், உள்ளே செம்பு இழை இரண்டே இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கும்போது அது விடும், பிடிக்கும். ஒரு முழம் வயர், கொஞ்சம் ஈயம், மேலே ஸ்லீவ். முடிந்தது. கோடு பொய் சொல்லவில்லை. ‘சர்க்யூட்’ என்றுதான் சொன்னது, சென்சார் என்று படித்துக்கொண்டது ஆட்கள்.

இன்னொரு சின்ன விஷயம். போனில் கோடு சொல்லும்போது முதல் எழுத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். இன்ஜின் பக்கக் கோடும் (P) பாடி பக்கக் கோடும் (B) நம் வாயில் ஒரே ‘பி’தான். நான் ‘பவர் பி’, ‘பாடி பி’ என்று கேட்டு வாங்கிக்கொள்வேன்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். ஐட்லிங்கில் மட்டும் நடுக்கம், ஓட்டத்தில் இல்லை, ஆக்சிஜன் சென்சார் மாற்றியும் லைட் திரும்ப வந்தது. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ஆனால் பார்க்காமல் சொல்லிவிட்டால் நானும் அந்த ஒர்க்‌ஷாப் செய்ததையே செய்தவன் ஆவேன். கருவி வந்ததும் இப்படிச் செய்யுங்கள்.

கோடை அழிக்காதீர்கள். பேட்டரி வயரையும் கழற்றாதீர்கள், அப்படிச் செய்தால் பதிவு எல்லாம் போய்விடும். முதலில் கோடு, அப்புறம் ஃப்ரீஸ் ஃப்ரேம், இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். லைட் எரிந்த அந்த நேரத்தில் இன்ஜின் எத்தனை சுற்று, வண்டி என்ன வேகம், கூலன்ட் எத்தனை டிகிரி என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்த குறிப்புதான் ஃப்ரீஸ் ஃப்ரேம்.

அடுத்து வண்டியை 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். லைவ் டேட்டாவில் ஃப்யூவல் ட்ரிம் என்று இரண்டு வரும், ஷார்ட், லாங். இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற கணக்கு அது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ப்ளஸ் மைனஸ் 10-க்குள் இருந்தால் கவலை இல்லை. ஐட்லிங்கில் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, நியூட்ரலிலேயே 2,500 ஆர்பிஎம்-மில் அரை நிமிடம் பிடித்து மறுபடி குறியுங்கள். எம்ஏஎஃப் என்று, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கிராம் கணக்கில் காட்டும் ஒரு அளவு வருகிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பதில் காற்றழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள வண்டியென்றால் நான் சொல்லும் கணக்கு அப்படியே பொருந்தாது.

மஞ்சள் லைட் விட்டு விட்டு மின்னினால் மட்டும் ஓட்டாதீர்கள். அது மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் போய் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும். சிவப்பு ஆயில் லைட் எரிந்தால் ஸ்கேனரைத் தேடாதீர்கள், அந்த இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள்.

தஞ்சை–கும்பகோணம் தினசரி:

அண்ணே, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. வேளச்சேரி நண்பருக்கும் நன்றி, அவர் சொன்ன ஐகார் ப்ரோவையே வாங்கினேன், 2,150 ரூபாய். இரண்டு போனிலும் சேர்ந்தது.

ஞாயிறு காலை பெரிய கோயில் வரை போய், ஊரை ஒரு சுற்று சுற்றிச் சூடாக்கிவிட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு கோடுதான்: பவர் பி, 0171. ‘சிஸ்டம் டூ லீன்’ என்று ஆப்பில் வந்தது. கன்வெர்ட்டர் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஃப்ரீஸ் ஃப்ரேம்: 742 ஆர்பிஎம், வேகம் பூஜ்யம், கூலன்ட் 91 டிகிரி, லாங் ட்ரிம் ப்ளஸ் 22.7, ஷார்ட் ப்ளஸ் 5.5. அதாவது நின்றுகொண்டிருக்கும்போதுதான் லைட் எரிந்திருக்கிறது. லைவில் ஐட்லிங்கில் கிட்டத்தட்ட அதே அளவு. 2,500-ல் பிடித்தபோது லாங் 6.3-க்கு வந்துவிட்டது, ஷார்ட் ஒன்றுக்குக் கீழே ஆடியது. எம்ஏஎஃப் அளவு வருகிறது. ரேஸ் பண்ணினால் குறைகிறதே, அது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை அண்ணே.

பொள்ளாச்சி வயரிங்:

நன்றாக எடுத்திருக்கிறீர்கள் தம்பி. இதில் விடை பாதிக்கு மேல் இருக்கிறது.

லீன் என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து ஆக்சிஜன் சென்சார் அதைச் சொன்னது. சொன்னவரையே மாற்றிவிட்டார்கள், புதிதாக வந்தவரும் அதையேதான் சொல்கிறார்.

எம்ஏஎஃப் அளந்து உள்ளே விட்ட காற்று போக, அதற்குப் பின்னால் எங்கோ ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஓட்டையின் அளவு எப்போதும் ஒன்றுதான். ஒரு சொம்புத் தண்ணீரை வீட்டுக் குக்கர் சாம்பாரில் ஊற்றினால் சாம்பாரே நீர்த்துப்போகும். அதே சொம்பைக் கல்யாண வீட்டு அண்டாவில் ஊற்றினால் தெரியாது. ஐட்லிங்கில் இன்ஜின் குடிக்கிற காற்று கொஞ்சம், அதனால் ஓட்டை பெரிதாகத் தெரிகிறது. 2,500-ல் அண்டா. அதனால்தான் இரண்டு ட்ரிம்மும் சேர்த்து 28 இருந்தது 7 பக்கம் வந்தது. பெட்ரோல் பம்போ ஃபில்டரோ பழுதாக இருந்தால் தலைகீழாக இருக்கும்: ஐட்லிங்கில் சும்மா இருந்துவிட்டு, மேட்டில் அழுத்தும்போது ஏறும்.

இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறவிட்டுப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் வரை போகும் தடித்த ரப்பர் பைப், அதன் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ். வால்வு கவரிலிருந்து இன்டேக்குக்குப் போகும் பெருவிரல் பருமன் உள்ள பிசிவி ஹோஸ். எட்டு வருடத்துக்கு மேல் வெயில் தின்ற ரப்பர், வளைவில்தான் வெடிக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில். போன் கேமராவைக் கீழே நுழைத்துப் படம் எடுங்கள். ஓடுகிற இன்ஜின் மேல் ஸ்ப்ரே அடித்து ஓட்டை கண்டுபிடிக்கிற வித்தையை வீடியோவில் காட்டுவார்கள். வீட்டில் அதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

தஞ்சை–கும்பகோணம் தினசரி:

அண்ணே, கிடைத்துவிட்டது.

பிசிவி ஹோஸ்தான். மேலே இருந்து பார்த்தால் புதிது போலக் கறுப்பாக, நன்றாகவே இருந்தது. நீங்கள் சொன்னபடி கேமராவை அடியில் நுழைத்து ஆறு படம் எடுத்தேன், நாலாவதில் தெரிந்தது. வளைவின் உள்பக்கம் ஒரு நகத்தளவு கீறல். கழற்றி லேசாக வளைத்ததும் மீன் வாய் திறப்பது போலத் திறந்தது. ரப்பர் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது, எண்ணெயில் ஊறியிருக்கிறது.

புது ஹோஸ் 280 ரூபாய், இரண்டு கிளிப் 40. எங்கள் தெருமுனை மெக்கானிக் மாட்டிக் கொடுத்து 150 வாங்கிக்கொண்டார். எல்லாம் சேர்த்து 470. அப்புறம்தான் கோடை அழித்தேன். மாட்டி ஸ்டார்ட் செய்த உடனேயே நடுக்கம் இல்லை. மூன்று நாள் கும்பகோணம் போய் வந்து இன்று பார்த்தேன்: ஐட்லிங்கில் லாங் ப்ளஸ் 2.3, லைட் இல்லை. நேற்று அம்மாவை அதே டாக்டரிடம் அதே ரோட்டில் கூட்டிப்போய் வந்தேன்.

இரண்டு கேள்வி. இனி மறுபடி வராது என்று எப்போது நம்பலாம்? கருவியைச் சாக்கெட்டிலேயே விட்டு வைக்கலாமா?

பொள்ளாச்சி வயரிங்:

ரொம்ப சந்தோஷம் தம்பி.

ஆப்பில் ‘ரெடினஸ் மானிட்டர்’ என்று ஒரு பக்கம் இருக்கும். கோடை அழித்ததும் கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்கும். அதில் எல்லாம் ‘கம்ப்ளீட்’ ஆன பிறகும் கோடு வராமல் இருந்தால் நம்பலாம். கேட்டலிஸ்ட் மானிட்டரும் அதில் ஒன்று. அது தேறிவிட்டால் 30,000 ரூபாய்ப் பேச்சுக்கே இடமில்லை.

கருவியைக் கழற்றி டாஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். அந்த சாக்கெட்டில் 16-ஆம் பின்னுக்குச் சாவி எடுத்த பிறகும் பேட்டரி கரன்ட் வந்துகொண்டே இருக்கும். தூங்காத மலிவு டப்பா 40, 50 மில்லி ஆம்பியர் குடிக்கும். ஒரு வாரம் வண்டியை எடுக்காவிட்டால் ஏழெட்டு ஆம்பியர் அவர் காலி. சின்ன பேட்டரிக்கு அது பெரிய அடி. உங்களுடையது தூங்கும் வகை, இருந்தாலும் கழற்றுவது நல்லது. ஏறி இறங்கும்போது கால் பட்டு சாக்கெட் உடைந்த வண்டிகளும் என்னிடம் வந்திருக்கின்றன.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கழற்றிய பழைய ஆக்சிஜன் சென்சாரைக் கொடுத்தார்களா? இல்லையென்றால் போய்க் கேளுங்கள். அதில் பழுது இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

தஞ்சை–கும்பகோணம் தினசரி:

போய்க் கேட்டேன் அண்ணே. அந்தப் பழைய ஹோஸையும், ட்ரிம் அளவுகளின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். சண்டை போடவில்லை. அங்கே இருந்த ஒரு சின்னப் பையன் ஹோஸை வளைத்து வளைத்துப் பார்த்தான், 2,500-ல் ஏன் குறைகிறது என்று கேட்டான். நீங்கள் சொன்ன சாம்பார் கணக்கைச் சொன்னேன். அவனே உள்ளே போய் அட்டைப் பெட்டிக் குவியலில் தேடி, சென்சாரைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான்.

மானிட்டர் எல்லாம் இன்று காலை கம்ப்ளீட் ஆகிவிட்டது, கேட்டலிஸ்ட் உட்பட. சென்சார் இப்போது டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் இருக்கிறது.